இடது பக்கத்து நாற்று

மூக்குக்கண்ணாடிக் கடைக்காரருக்கு ஊரிலிருந்து மனைவி போன் செய்தாள்.

"பால்கனியில இருக்கிற தக்காளி நாத்துக்கெல்லாம் இந்நேரம் கப்புக்குள்ள வேர் சுருண்டிருக்கும். இன்னைக்கே பெரிய தொட்டிக்கு மாத்தலைன்னா செடி வளராம அப்படியே நின்னுடும். தங்கச்சி வீட்டுக்காரர்கிட்ட காலி பக்கெட் இருக்கு. எடுத்துக்கிட்டு வரச் சொல்லியிருக்கேன்."

"யாரைக் கேட்டு வரச் சொன்னே?"

"உங்களைக் கேட்டா வேணாம்பீங்க. அதான் கேக்கல," என்று சொல்லி வைத்துவிட்டாள்.

இடுப்பெலும்பு முறிந்து படுத்திருந்த அம்மாவைப் பார்த்துக்கொள்ள அக்காளும் தங்கையும் சேர்ந்து போயிருந்தார்கள். இங்கே அவர்களுடைய கணவன்மார் இருவரும் பேச்சை விட்டு இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகிறது. தங்கையின் கணவர் நகரப் பேருந்து ஓட்டியவர். கண்ணாடி மாற்ற வந்த இடத்தில், அவருக்கு இடது கண் பார்வை பெரும்பாலும் போய்விட்டதைக் கடைக்காரர் கவனித்தார். டாக்டரைப் பார்க்கும்வரை வண்டியைத் தொடாதே என்றார். ஓட்டுநர் நன்றாகத் தலையாட்டிவிட்டு மறுநாளும் பஸ் எடுத்தார். அடுத்த வாரமும் எடுத்தார். பிறகு யாரோ பணிமனைக்குச் சொல்ல, பரிசோதனை வந்தது. இப்போது அவர் பயணச்சீட்டுக் கவுண்டரில் உட்கார்ந்திருக்கிறார்.

அழைப்புமணி அடித்தது. கைக்கு மூன்றாகப் பக்கெட்டுகளைக் கோத்துக்கொண்டு ஓட்டுநர் நின்றார்.

"வாங்க," என்றார் கடைக்காரர். முன்பெல்லாம் "வா சகலை" என்பார்.

பால்கனியில் செய்தித்தாள் விரித்து உட்கார்ந்தார்கள். பக்கெட்டுகளின் அடியில் ஓட்டுநர் ஏற்கெனவே துளை போட்டு வந்திருந்தார். மண்ணும் மக்கிய உரமும் கலந்து, கையில் பிடித்தால் உருண்டு, விட்டால் உதிரும் பதத்துக்குத் தண்ணீர் தெளித்தார்கள். கடைக்காரர் கப்பைக் கவிழ்த்து அடியில் தட்டி, வேரும் மண்ணும் கட்டியாக வெளியே வந்ததும் அதன் கீழ் இலைகளைக் கிள்ளிப்போட்டார். ஓட்டுநர் அதை வாங்கி, பக்கெட் மண்ணில் பறித்த குழியில் இறக்கினார்.

"ஆழமா வைங்க. தண்டு பாதிக்கு மேல புதையணும். புதைஞ்ச இடத்துலயும் வேர் விடுமாம்."

"ம்."

இப்படியே மூன்று செடி போயிற்று. மண் அள்ளத் திரும்பிய ஓட்டுநரின் முழங்கை, இடது பக்கம் இருந்த நாற்றில் இடித்தது. தண்டு சட்டென்று முறிந்தது. அவர் மண்ணை அள்ளிக்கொண்டே இருந்தார். முறிந்தது அவருக்குத் தெரியவில்லை.

கடைக்காரர் அதைப் பார்த்தார். சொல்லவா வேண்டாமா என்று ஒரு கணம் யோசித்தார்.

"ஒண்ணு ஒடிஞ்சிடுச்சு. உங்க இடது பக்கம்."

ஓட்டுநர் தலையை முழுசாகத் திருப்பிப் பார்த்தார். பிறகு, "பணிமனைக்குச் சொன்னது நீங்கதானே?" என்றார்.

"நான்தான்."

"மன்னிப்புக் கேக்கணும்னு தோணலையா?"

"தோணலை. உன் வண்டி நிறைய ஆளுங்க இருந்தாங்க. இன்னொரு தடவை அப்படி நடந்தாலும் சொல்லுவேன்."

தெருவில் எவனோ ஹாரன் அடித்தான். ஓட்டுநர் கை மண்ணைத் தட்டினார்.

"சொன்னதுக்கு நான் ஒண்ணும் சொல்லலை. என்கிட்ட ஒரு வார்த்தை, 'நீயே போய்ச் சொல்றியா, இல்ல நான் சொல்லட்டுமா'ன்னு கேட்டிருக்கலாம். நானே போயிருப்பேனோ என்னவோ. அது எனக்கும் தெரியாது. கேட்டிருக்கலாம்."

தான் சொன்னது சரியா தப்பா என்பதை மட்டுமே கடைக்காரர் இத்தனை நாளும் மனசுக்குள் வாதாடிக்கொண்டிருந்தார். இந்தப் பக்கமாக யோசித்ததே இல்லை.

"கேட்டிருக்கணும்," என்றார் கடைசியில்.

முறிந்த நுனியைத் தனியாக ஒரு பக்கெட்டில் செருகினார்கள். தண்டுதானே, பிடித்தாலும் பிடிக்கும். மீதிச் செடிகளையும் நட்டு, தண்ணீர் ஊற்றி, நிழலில் ஒதுக்கி வைத்தார்கள். ஓட்டுநர் தேநீர்கூடக் குடிக்காமல் கிளம்பினார்.

சில நாள் கழித்து, தொட்டிகளை வெயிலுக்கு நகர்த்தலாமா என்று கேட்டு ஓட்டுநரே போன் செய்துவிட்டு வந்தார். நகர்த்தி முடித்ததும், "வலது கண்ணையும் ஒரு தடவை பாத்துடுங்க," என்றார், தொட்டியைப் பார்த்தபடியே.

இருவரும் நடந்தே கடைக்குப் போனார்கள். கடைக்காரர் விளக்கை அணைத்து, கருவியை இழுத்துவைத்து, வழக்கத்தைவிட நிதானமாகப் பார்த்தார்.

"பவர் கொஞ்சம் ஏறியிருக்கு. மத்தபடி நான் பாத்த வரைக்கும் வேற ஒண்ணும் தெரியலை. டாக்டர்கிட்டயும் ஒரு தடவை காட்டிடு."

"நிஜமாவா? எனக்காகச் சொல்லலியே?"

"உனக்காகச் சொல்றவனா இருந்தா, சகலை, நீ இன்னும் பஸ் ஓட்டிக்கிட்டு இருப்பே."

ஓட்டுநர் சிரிக்கவில்லை. எழுந்துபோய், சுவரில் தொங்கிய பிரேம்களில் ஒன்றை எடுத்து மாட்டிக்கொண்டு, நிலைக்கண்ணாடியில் முகத்தைப் பார்த்தார்.