முதல் அறிகுறி தெரிந்த நாள்

வயது என்ற இடத்தில் நாற்பத்தாறு என்று எழுதிவிட்டுச் சின்னவள் அதை மறுபடி படித்துப் பார்த்தாள். வார்டுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து, அக்காவின் ஃபைலை மடியில் போட்டு, அதன்மேல் படிவத்தை வைத்து எழுதிக்கொண்டிருந்தாள். உள்ளே திரைக்குப் பின்னால் இரண்டு நர்ஸுகள் அக்காவின் உடம்பிலிருந்து குழாய்களைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். காலை பத்தரைக்குப் போன உயிர். இந்தத் தாள் போனால்தான் உடலைத் தருவார்களாம்.

"நீயே எழுதிடும்மா. உனக்குத்தான் இந்தக் காகித பாஷையெல்லாம் புரியும்," என்று கொடுத்துவிட்டு அத்தான் சுவரைப் பார்த்து நின்றார்.

புரியும்தான். பதினோரு வருடமாக அதுதான் பிழைப்பு. ஸ்கேன் சென்டர்களிலிருந்து வரும் மார்பகப் படங்களின் ரிப்போர்ட்டைப் படித்து, ஒவ்வொன்றுக்கும் உரிய குறியீட்டு எண்ணை, ஆபீஸ் பேச்சில் 'கோடு', போட்டு இன்சூரன்ஸுக்கு அனுப்புவாள். ஒரு நாளைக்கு நூறு ரிப்போர்ட்டாவது முடிக்க வேண்டும். "ஊர்ல இருக்கிற மாரையெல்லாம் நம்பராப் பாக்குறவ இவ" என்று வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் அக்கா கேலி செய்வாள்.

அடுத்த கேள்வி: முதல் அறிகுறி எப்போது தெரிந்தது?

பெஞ்சின் மறுகோடியில் அம்மா புலம்பிக்கொண்டிருந்தாள். "மொதல்ல எடுத்த படத்தப் பாத்தவனுக்குக் கண்ணு அவிஞ்சா போச்சு? ஒண்ணுமில்லன்னு எழுதிக் குடுத்தானே, பாவி."

"அவங்கள ஏன் சொல்றீங்க அத்தை," என்றார் அத்தான், திரும்பாமலே. "உங்க பொண்ணுதான் மறைச்சிருக்கா. கட்டி கையில தட்டுப்பட்ட பிறகுதான் படம் எடுக்கவே போயிருக்கா. பயத்துல அங்க சொல்லலையாம். போன வாரம்தான் எங்கிட்ட சொன்னா. தப்பு என்னோடது, யாரையும் கேக்காதீங்கன்னா."

அம்மா அழுகையை நிறுத்தினாள். "அழுத்தக்காரி. சின்ன வயசிலேர்ந்தே அப்படித்தான். வாயத் தொறந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தா இன்னிக்கு இருந்திருப்பாளே. ரெண்டு புள்ளைங்கள நெனச்சாளா?"

செத்துக் கிடப்பவளை அம்மா திட்டினாள். அத்தான் தடுக்கவில்லை.

அக்கா பயந்தவளே இல்லை. கட்டி தட்டுப்பட்ட அன்றே சின்னவளுக்குப் போன் செய்தாள். அது ஒரு ஞாயிற்றுக்கிழமை. சின்னவள் துணி மடித்துக்கொண்டே பேசினாள்.

"அங்க போய்க் கட்டின்னு சொல்லாதக்கா. வருஷா வருஷம் பாக்குற செக்கப்னு சொல்லு, இன்சூரன்ஸ் முழுசாத் தரும். கட்டின்னா கோடே மாறிடும், பாதிக் காசு உன் தலையில விழும்."

"அப்படியாடி? நீ சொன்னா சரி."

கட்டி என்று சொல்லியிருந்தால் அந்த இடத்தை மட்டும் அழுத்தி இன்னும் படங்கள் எடுத்திருப்பார்கள், அதன்மேலேயே அல்ட்ராசவுண்டும் வைத்துப் பார்த்திருப்பார்கள். இது சின்னவளுக்குத் தெரியாததல்ல. அவற்றுக்கும் தினமும் எண் போடுகிறவள்தானே. ஆனாலும் அன்று அவள் புத்தியில் கோடுதான் ஓடியது. பொதுவாக எடுத்த படத்தில் கட்டி பிடிபடவில்லை. ஒன்றுமில்லை என்று ரிப்போர்ட் வந்தது. அதை நம்பி அக்கா பதினோரு மாதம் நிம்மதியாக இருந்தாள். கடைசியில் அக்குளிலும் நெறி கட்டிய பிறகுதான் மறுபடி போனாள். அந்த ஞாயிற்றுக்கிழமைப் பேச்சை மட்டும் அவள் யாரிடமும் எடுக்கவில்லை. சாகும்வரை தங்கையிடம்கூட எடுக்கவில்லை.

நர்ஸ் திரையை விலக்கி எட்டிப் பார்த்தாள். "முடிச்சிட்டீங்களா? அந்தத் தேதி சரியாத் தெரியலன்னா மொதல் ரிப்போர்ட் தேதியப் போடுங்க, போதும்."

போதும்தான். யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். அம்மா இன்னும் அக்காவைத் திட்டிக்கொண்டிருந்தாள்.

சின்னவள் தேதியை எழுதினாள். கிழமையைப் படிவம் கேட்கவில்லை, ஞாயிறு என்று அதையும் எழுதினாள். தாளை அத்தானிடம் நீட்டினாள்.

அத்தான் அதை எட்டப் பிடித்துப் படித்தார். பிறகு அவள் மடியிலிருந்த ஃபைலை எடுத்துப் புரட்டி முதல் ரிப்போர்ட்டின் தேதியைப் பார்த்தார்.

"இது படம் எடுக்கிறதுக்கு ஒன்பது நாள் முன்னாடி," என்றார். "எங்கிட்டகூட அவ தேதி சொல்லல. உனக்கு எப்படித் தெரியும்?"

அம்மா இவள் பக்கம் திரும்பினாள். உள்ளே கட்டிலின் சக்கரங்கள் உருளும் சத்தம் கேட்டது. சின்னவள் பேனா மூடியைப் பெஞ்சிலும் தரையிலும் தேடினாள். அது அவள் இடது கையிலேயே இருந்தது.