நன்மாறன் மனிதனா, பாசியா?

ஓசூர் சிப்காட்டில் இருசக்கர வாகனங்களுக்குப் பல்சக்கரம் செய்யும் அந்தத் தொழிற்சாலையில் பரமசிவத்துக்கு இரண்டு பொறுப்புகள். ஸ்டோர்ஸ் பொறுப்பு அவருடைய அடையாள அட்டையில் இருந்தது. நூலகப் பொறுப்பு எதிலும் இல்லை. கேன்டீனை ஒட்டிய பத்துக்குப் பன்னிரண்டு அறையில் முந்நூற்று நாற்பது புத்தகங்கள். அத்தனைக்கும் அவரே பழுப்பு அட்டை போட்டு, ஸ்கெட்ச் பேனாவில் தலைப்பு எழுதியிருந்தார். ஒருமுறை பெயிண்ட் ஷாப் ஆள் ஒருவன் பக்கத்தின் மூலையை மடித்து வைத்துவிட்டான் என்பதற்காக, அவனுக்குக் கையுறை கொடுக்கும்போதுகூட இரண்டு வாரம் முகம் பார்க்காமல் கொடுத்தவர்.

அந்த அறைக்குத்தான் ஆபத்து வந்தது. புதிதாக அறுநூறு ஜோடி பாதுகாப்பு ஷூ வரப்போகிறது, வைக்க இடமில்லை என்று மனிதவள மேலாளர் விஜயகுமார் கூப்பிட்டுச் சொன்னார்.

"யாராவது படிக்கிறாங்களா பரமசிவம்? மனசத் தொட்டுச் சொல்லுங்க. நான் பார்த்த வரைக்கும் எல்லாரும் ஃபேனுக்காகத்தான் வர்றாங்க."

"ஃபேனுக்கு வர்றவன் நாலு பேர் இருப்பான் சார். அவனும் கையில புக்கு வெச்சுக்கினுதான் தூங்குவான்."

விஜயகுமாருக்கு முப்பத்தைந்து வயது. கெட்டவர் இல்லை, எதையும் நிரூபிக்கச் சொல்லும் பழக்கம் மட்டும் உண்டு. மேசை இழுப்பறையிலிருந்து ஒரு தடித்த புத்தகத்தை எடுத்து நீட்டினார். 'ஈரம் தேடிய கலம்'. அறிவியல் புனைகதை. அட்டையில் மூன்று விருதுகளின் முத்திரை. பின்னட்டையில் ஏழு பேர் பாராட்டியிருந்தார்கள். அதில் ஒருவர் அழுததாகவும் எழுதியிருந்தார்.

"ஒரே மூச்சுல படிச்சேன். அசந்துட்டேன். மூணு ஷிப்டுலயும் தலா ஒருத்தர், இந்த புக்க முழுசா முடிச்சுட்டு, மூணு வாரம் கழிச்சு என் முன்னாடி உட்கார்ந்து பேசட்டும். பேசினா ரூம் உங்களுக்கு. இல்லைன்னா ஷூவுக்கு."

அறுநூற்றுப் பன்னிரண்டு பக்கம். பரமசிவம் சனிக்கிழமை சொந்த ஊரான சிங்காரப்பேட்டை போகும் பேருந்தில் ஆரம்பித்து, ஞாயிறு முழுக்கச் சாப்பாடு ஆற ஆறப் படித்து, திங்கள் காலை திரும்பும் பேருந்தில் முடித்தார். அசந்துதான் போனார். இந்த நாவலைப் படித்துவிட்டு ஒருவன் பேசாமல் இருக்கவே முடியாது என்ற நம்பிக்கை வந்தது.

ஆட்களைப் பிடிப்பது கஷ்டமாக இல்லை. காலை ஷிப்டுக்கு அசெம்பிளி லாவண்யா: பாரூர்ப் பெண், கரும்பு விவசாயக் குடும்பம், பேச ஆரம்பித்தால் சைரன் அடித்தாலும் நிறுத்தமாட்டாள். மதிய ஷிப்டுக்கு மெயின்டனன்ஸ் சிவராஜ்: தொரப்பள்ளிக்காரர், கம்ப்ரசர் மெக்கானிக், கோபம் வந்தால் தமிழிலிருந்து கன்னடத்துக்குத் தாவிவிடுவார். இரவு ஷிப்டுக்கு ஹீட் ட்ரீட்மென்ட் சக்தி: உசிலம்பட்டியிலிருந்து வந்து மூக்கண்டப்பள்ளியில் அறை எடுத்திருப்பவன், எதைக் கொடுத்தாலும் படிப்பான், மாத்திரை அட்டையின் பின்புறம் உட்பட.

இருந்தது ஒரே பிரதி. பரமசிவம் அதற்கு ஒரு பதிவேடு போட்டார். ஸ்டோர்ஸில் மிச்சமாகக் கிடந்த உற்பத்திப் பதிவேடுதான். இயந்திரத்தின் பெயர் என்ற இடத்தில் புத்தகத்தின் பெயரை எழுதினார். தேதி, ஷிப்ட், ஆரம்பம், முடிவு, கையொப்பம் என்று கட்டங்கள் ஏற்கெனவே அச்சடித்து இருந்தன.

"ஆளுக்கு ஒரு வாரம். வாரம் முடிஞ்சா அடுத்த ஷிப்டுக்குக் கைமாத்தி வுட்டுடணும். தெனமும் எத்தன பக்கம் ஆச்சுன்னு எழுதிக் கையெழுத்து போடுங்க. மூல மடிக்காதீங்க, கும்புட்டுக் கேட்டுக்கறேன்."

மூவரும் தலையாட்டினார்கள். மூன்று வாரமும் பரமசிவம் தினமும் பதிவேட்டைத் திறந்து கையெழுத்து இருக்கிறதா என்று பார்த்தார். இருந்தது. மூடி வைத்தார்.

சனிக்கிழமை மதியம் இரண்டே முக்காலுக்குக் கூட்டம். லாவண்யா ஷிப்ட் முடியக் கால் மணி நேரம் முன்பே அனுமதி வாங்கி வந்தாள். சிவராஜ் மூன்று மணி ஷிப்டுக்குப் போகும் வழியில், இடுப்பில் கருவிப் பையோடு வந்தார். சக்தி அறையில் தூங்கிக்கொண்டிருந்தவன், எழுந்த முகத்தோடு வந்தான். விஜயகுமார் நோட்டுப் புத்தகமும் பேனாவுமாக நடுவில் உட்கார்ந்தார். பரமசிவம் வாசல் பக்கம் நின்றார்.

"சரி. கதை எப்படி இருந்துச்சு? லாவண்யா, நீங்க ஆரம்பிங்க."

"இது சயின்ஸ் கதையே இல்ல சார். எங்க சித்தப்பா கதை."

விஜயகுமார் எழுதத் தொடங்கிய பேனாவை நிறுத்தினார்.

"அந்த நன்மாறன் இருக்கானே, ஃபிராடு. ஊரே தண்ணியில்லாமக் காஞ்சு கெடக்குது. வாய்க்கால்ல அவுங்க அண்ணன் மொற வருது. அந்த மொறத் தண்ணிய இவன் திருட்டுத்தனமா கப்பல் கட்டறவனுக்குத் தாரை வாத்துட்டு, அதுல தனக்கு ஒரு சீட்டு புடிச்சுக்கறான். அண்ணன் மம்முட்டிய எடுத்துக்கினு போயி மடையில நின்னா, மடை காலி. எங்க சித்தப்பாவும் பாரூர் ஏரி வாய்க்கால்ல இதேதான் பண்ணாரு. நடுவுல ராக்கெட்டு ஒண்ணு வருது, அவ்ளோதான். எனக்குப் படிக்கப் படிக்க ரத்தம் கொதிச்சுது."

"யார ஃபிராடுங்கற?" என்றார் சிவராஜ். குரலில் ஏற்கெனவே சூடு இருந்தது.

"நன்மாறனத்தான்."

"நன்மாறன் மாதிரி ஒரு ஃபிட்டர் இந்த பிளாண்டுல ஒருத்தன் உண்டா சொல்லு பார்க்கலாம்! சார், நான் சொல்றேன் கேளுங்க. இந்த எழுத்தாளர் ஒரு மெயின்டனன்ஸ் ஆளப் பார்த்துப் பேசினதே இல்ல. நானூறு பேர் போற கப்பல். மூச்சுக்காத்து சுத்தம் பண்றதுக்கு ஒரே ஒரு மெஷினு. ஸ்டாண்ட்பை இல்ல! நம்ம கேன்டீன் தண்ணி மோட்டாருக்கே ஸ்டாண்ட்பை இருக்குது. ஃபில்டர் எப்ப மாத்துனாங்கன்னு ஒரு சீட்டு ஒட்டியிருக்கா? கெடையாது. இதுக்கு மூணு அவார்டு! அந்த மெஷினு நின்னுபோயி எல்லாரும் அலர்றப்ப, ஒருத்தன், ஒரே ஒருத்தன், கயித்தக் கட்டிக்கினு வெளியில போயி வால்வத் தொறந்து வுட்டுட்டு, அங்கயே…"

சிவராஜ் நிறுத்தி மூக்கை உறிஞ்சினார். "செத்துட்டான் சார். பக்கம் முந்நூத்தித் தொண்ணூத்தி எட்டு. அவனப் போயி இந்தப் பொண்ணு ஃபிராடுங்குது."

"செத்தானா? நல்லதாப் போச்சு!" என்றாள் லாவண்யா. "எப்ப செத்தான்?"

"சும்னிரு!" என்று வாயை மூடச் சொல்லிக் கன்னடத்துக்குத் தாவினார் சிவராஜ்.

"ஒரு நிமிசம்ணே." சக்தி கையைத் தூக்கினான். தூக்கம் முழுக்கக் கலைந்திருந்தது. "நீங்க ரெண்டு பேரும் யாரப் பத்திப் பேசுறீக?"

"நன்மாறன்."

"நன்மாறன் மனுசனா?"

லாவண்யாவும் சிவராஜும் சண்டையை விட்டுவிட்டு அவன் பக்கம் திரும்பினார்கள்.

"பின்ன என்ன மாடா?" என்றார் சிவராஜ்.

"பாசிண்ணே. நன்மாறன் ஒரு பாசி. பச்சைக் கிரகத்துல பாறை மேல படர்ந்துருக்கும்ல, அது. மழை பேஞ்சா பேசும். அந்த யாழினிப் பொண்ணு தெனமும் பக்கத்துல உக்காந்து அதுகிட்ட ஊர்க்கதை கேக்கும். அம்புட்டு அழகான காதல்ணே. கடைசியில அந்தப் பொண்ணு கை மேலயும் பாசி படருது பாருங்க, நான் ஃபர்னஸ் முன்னாடி நின்னு அழுதேன். ஆறு மாசமா எனக்கு ஒரு வரன் அமையல, ஒரு பாசிக்கு அமையுதேன்னு."

"ஏம்ப்பா, நெஜமாவே நீ நம்ம புக்கத்தான் படிச்சியா?" என்றாள் லாவண்யா.

"நாந்தானம்மா கடைசிப் பக்கம் வரைக்கும் படிச்சவன்! ஒரு பாசிக்கு எம்புட்டு நல்ல பேரா வச்சுருக்காகன்னு நெனச்சேன். மனுசன்னு எங்கயும் போடல."

மூவரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கினார்கள். திருடன் என்றது ஒரு குரல். தியாகி என்றது இன்னொன்று. பாசி, பாசி என்று மூன்றாவது மேசையைத் தட்டியது. கேன்டீனில் தட்டுக் கழுவிக்கொண்டிருந்தவர்கள் ஜன்னலில் வந்து நின்றார்கள்.

பரமசிவத்துக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. மூவர் சொன்னதும் உண்மை. நன்மாறன் முதலில் அண்ணன் தண்ணீரைத் திருடினான், நடுவில் செத்தான், அவன் உடல் விழுந்த கிரகத்தில் அவன் நினைவோடு பாசி முளைத்தது. ஆனால் ஆளுக்கு ஒன்றை மட்டும் ஏன் சொல்கிறார்கள்? மெதுவாகப் பதிவேட்டைத் திறந்தார். கையெழுத்துகளை விட்டுவிட்டு முதன்முறையாக எண்களைப் பார்த்தார். லாவண்யா, ஒன்று முதல் இருநூற்று நான்கு. சிவராஜ், இருநூற்று ஐந்து முதல் நானூற்றுப் பத்து. சக்தி, நானூற்றுப் பதினொன்று முதல் அறுநூற்றுப் பன்னிரண்டு. அடியில் சக்தி அழகாக எழுதியிருந்தான்: 'வேலை முடிந்தது. நிலுவை இல்லை.'

பரமசிவம் சட்டென்று மூடினார். பதிவேட்டை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்.

"சார், நீங்க சொல்லுங்க!" லாவண்யா விஜயகுமார் பக்கம் திரும்பினாள். "நீங்கதான் ஒரே மூச்சுல படிச்சீங்களே. நன்மாறன் மனுசனா, பாசியா?"

விஜயகுமார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

"அது… வாசகர்கிட்ட விட்டுடறாங்க. ரெண்டு கோணத்துலயும் பார்க்கலாம்."

"செத்தானா சாகலையா, அத்த மட்டும் சொல்லுங்க சார்," என்றார் சிவராஜ்.

"ஒரு வகையில…"

"என்ன வகையில?"

"குறியீடா பார்த்தா…" விஜயகுமார் பழுப்பு அட்டையை லேசாக விலக்கிப் பின்னட்டையை ஓரக்கண்ணால் பார்த்தார். பின்னட்டையில் இருந்த ஏழு பேரில் ஒருவர்கூட நன்மாறன் செத்தானா என்று சொல்லவில்லை. அப்போதுதான் பரமசிவத்துக்குத் தெரிந்தது, இந்த மனிதர் முதல் பக்கத்தைக்கூடப் புரட்டவில்லை என்று. ஐயோ பாவம் என்றும் இருந்தது, இதைச் சொல்லிவிட்டால் அறை இன்றோடு போய்விடும் என்றும் இருந்தது.

பேச்சை மாற்ற விஜயகுமாருக்கு ஏதாவது தேவைப்பட்டது. "பரமசிவம், கையில என்ன? கொடுங்க."

கொடுத்தார். விஜயகுமார் எண்களை ஒருமுறை பார்த்தார். மறுபடி பார்த்தார். பிறகு அவர் முகத்தில் தப்பித்துவிட்ட ஒருவனின் வெளிச்சம் வந்தது.

"ஆளுக்கு மூணுல ஒரு பங்குதான் படிச்சிருக்கீங்க!"

"ஆமா," என்றார் சிவராஜ், இதில் என்ன அதிசயம் என்ற முகத்தோடு. "முந்தின ஷிப்ட்காரன் நூறு பீஸ் ஓட்டி வெச்சா, நான் நூத்தியொண்ணாவது பீசுல இருந்துதானே ஓட்டணும்? மறுபடி ஒண்ணுல இருந்தா ஓட்டுவாங்க?"

"நடுவுல இருந்து ஆரம்பிச்சா ஒண்ணும் புரியலைன்னு தோணலையா?"

"சார், சயின்ஸ் கதைனாலே புரியாதுன்னு சொன்னாங்க. நான் அதான்னு நெனச்சேன்."

"எனக்கும் அப்படித்தான் சார்," என்றான் சக்தி. "பாசி பேசுதுன்னு ஆனப்புறம், முன்னாடி என்ன இருந்தா என்னங்குறேன்?"

விஜயகுமார் எழுந்தார். "அப்ப மூணு பேர்ல ஒருத்தர்கூட ஒரு புத்தகம் முழுசா படிக்கலை. என் நிபந்தனை தெளிவா இருந்துச்சு. ஸாரி பரமசிவம். திங்கட்கிழமை ஷூ வருது."

பரமசிவம் பதிவேட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டார். தவறு அவருடையது. கட்டம் போட்ட பதிவேட்டைக் கொடுத்தால் இவர்கள் கட்டத்தைத்தான் நிரப்புவார்கள் என்று முப்பது வருடம் ஸ்டோர்ஸில் இருந்த ஆளுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

ஆனால் அந்தத் தீர்ப்பை அறையில் வேறு யாரும் கேட்டதாகவே தெரியவில்லை. லாவண்யா புத்தகத்தின் ஒரு பக்கத்தைப் பிடித்திருந்தாள். சிவராஜ் மறுபக்கத்தை.

"வுடுண்ணா. அந்தத் திருடன் எப்படிச் சாவறான்னு நான் பார்த்தே ஆவணும்."

"நீ எதுக்குப் பார்க்கணும், சந்தோசப்படறதுக்கா? நான் பாசிக்கு என்ன ஆச்சுன்னு பார்க்கணும். அவன் திரும்ப வந்தான்னு யாருமே எனக்குச் சொல்லலையே!" சிவராஜின் கண் கலங்கியிருந்தது. "ஒரு வாரமா செத்துட்டான்னு நெனச்சுக்கினு இருக்கேன்மா."

"ரெண்டு பேரும் அங்கிட்டுத் தள்ளுங்க. எம்பாசி திருடனாங்குறத நான் மொதல்ல முடிவு பண்ணணும்," என்று சக்தி நடுவில் கையை நுழைத்தான். "அண்ணன் தண்ணியத் திருடியிருந்தான்னா, யாழினிகிட்ட அத மறைச்சுருக்கான். பெரிய விசயம்ணே அது."

மூன்று கைகளும் இழுத்தன. பழுப்பு அட்டை 'சர்'ரென்று கிழிந்தது. பரமசிவத்துக்கு அது தன் சட்டை கிழிந்த மாதிரி கேட்டது. மூன்று மணி சைரன் அடித்தது. ஒருவரும் அசையவில்லை. இந்தத் தொழிற்சாலையில் சைரனுக்கு அசையாத மூன்று பேரை விஜயகுமார் அன்றுதான் முதன்முறையாகப் பார்த்தார். கதவு வரை போனவர் நின்றுவிட்டார்.

"அண்ணா, ஒரு வழி இருக்குது," என்றார் சிவராஜ் பரமசிவத்திடம், புத்தகத்தை விடாமலேயே. கருவிப் பையிலிருந்து இரும்பு அறுக்கும் ஆக்சா பிளேடு ஒன்றை எடுத்தார். "முதுகுல ரெண்டு வெட்டு. மூணு பாகம். ஆளுக்கு ஒண்ணு. மாத்தி மாத்திப் படிச்சுக்கறோம். அப்புறம் நானே பைண்டிங் போட்டுத் தர்றேன், கேஸ்கட் பசை இருக்குது."

எல்லோரும் பரமசிவத்தைப் பார்த்தார்கள். அவர் பிளேடைப் பார்த்தார். அதன் பற்களில் கிரீஸ் ஒட்டியிருந்தது. மூலை மடித்தவனோடு பேசாதவர் அவர். ஆனால் இருபத்திரண்டு வருடத்தில் அந்த அறையில் ஒரு புத்தகத்துக்காக மூன்று பேர் சண்டை போட்டு அவர் பார்த்ததில்லை.

"பிளேட மொதல்ல தொடைச்சுடு," என்றார். "இருநூத்தி நாலுல ஒண்ணு, நானூத்திப் பத்துல ஒண்ணு. எழுத்து மேல பட்டுச்சு, அப்புறம் இருக்குது உனக்கு."

சிவராஜ் துணியை எடுத்துத் துடைத்தார். லாவண்யா பக்கங்களை விரித்துப் பிடித்தாள். சக்தி மறுமுனையை அழுத்திக்கொண்டான். பரமசிவம் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

கதவருகே தொண்டையைச் செருமும் சத்தம் கேட்டது.

"பரமசிவம்," என்றார் விஜயகுமார், யார் கண்ணையும் பார்க்காமல். "ஷூவை கேன்டீன் மாடியில வெச்சுக்கலாம். அது பிரச்சினை இல்லை. முதல் பாகத்தை மட்டும்… எனக்கும் சேர்த்து ரெண்டா அறுக்க முடியுமா?"