தனித் தட்டு

அடுப்பிலிருந்து தெறித்த கங்கு செல்லக்கண்ணுவின் பாதத்தில் கிடந்தது. அவளோ ஒன்றும் நடக்காததுபோல் ரசத்தைக் கலக்கிக்கொண்டிருந்தாள். முதலில் பார்த்தவள் மாமியார் பூவம்மா.

"ஏண்டி, கால் பொசுங்குது. சுடலையா?"

"இல்லத்த," என்றாள் செல்லக்கண்ணு. சொல்லியிருக்கக் கூடாது.

சாயங்காலத்துக்குள் அவளுக்கென்று அலுமினியத் தட்டு ஒன்று தனியாக வந்துவிட்டது. அதுவரை புருஷன் தின்று எழுந்த தட்டில்தான் அவள் சாப்பாடு. வீட்டு வழக்கம் அப்படி. ஆறு மாதப் பிள்ளை பூவம்மாவின் பாய்க்கு மாறியது. மரத்துப்போன கால் என்றால் பெருநோய்தான், குஷ்டந்தான், இதற்கு டாக்டர் எதற்கு? சிங்கப்பூரின் செம்பவாங் குடியிருப்பில் பூவம்மாவுக்குத் தெரியாத வியாதியே கிடையாது. மருமகளை ஊருக்குக் கப்பலேற்றிவிடுவது, பிள்ளையை இங்கேயே வைத்துக்கொள்வது என்று தீர்ப்பும் சொல்லிவிட்டாள்.

புருஷன் வடிவேலு கப்பல் பட்டறையில் இரும்பை அடிப்பவன்; அம்மா முன்னால் பூனை. அந்தப் பூனை அன்று அதிசயமாக வாய் திறந்தது.

"ஒருதடவ டாக்டர்ட்ட காட்டிட்டு அனுப்பலாம்லா."

சிராங்கூன் ரோட்டில் டாக்டர் சுவிசேஷமுத்து அவள் பாதத்தை ஊசியால் குத்தினார், தெரியவில்லை. முழங்காலில் தட்டினார்; அசையவில்லை. குந்தி எழச் சொன்னார். குந்தினாள், எழ முடியவில்லை. உடம்பில் தேமல் உண்டா என்றும் பார்த்தார்.

"பெருநோய் இல்ல. இது பெரிபெரி. சத்தில்லாம நரம்பு கெட்டுப்போச்சு. என்னம்மா சாப்பிடுற?"

பதில் பூவம்மாவிடமிருந்து பெருமையாக வந்தது. "பத்தியந்தான் டாக்டர். அரிசிய நாலு தண்ணி கழுவி வடிச்ச சோறு, மிளகு ரசம். பருப்பு வாயு, முட்ட சூடு, மீனு கரப்பான். பிள்ள பெத்தவளுக்கு ஆகாது."

"ஆறு மாசமாவா? சத்தக் கழுவிச் சாக்கடையில ஊத்திட்டு வெறும் சக்கைய இவளுக்குப் போட்டிருக்கீங்க. ஊசி போடுறேன். பருப்பும் முட்டையும் மீனும் திங்கலேன்னா ஊசி வீண். பிள்ளைக்கும் இந்தப் பால்தானே?"

வீட்டுக்கு வந்ததும் பிள்ளை தாயின் மடிக்குத் திரும்பியது. தட்டை மட்டும், எதற்கும் இருக்கட்டும் என்று, பூவம்மா தனியாகவே வைத்தாள்.

ஊசி போடப் போட நடை தேறியது. ஆனால் மீன் சட்டி எல்லாரும் உண்டு முடித்த பிறகுதான் அவளிடம் வந்தது. வரும்போது குழம்பு இருக்கும், மீன் இருக்காது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அவள் காலில் எறும்பு கடித்தது. சுருக்கென்று வலித்தது. வலித்ததே என்று அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. வடிவேலு சாப்பிட உட்கார்ந்திருந்தான். அவள் அலுமினியத் தட்டோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்து, பெரிய துண்டாக ஒரு மீனை எடுத்துப் போட்டுக்கொண்டாள்.

"என்னடி இது, ஆம்பள சாப்பிடறப்ப?" என்றாள் பூவம்மா.

"அவரு தட்டு காலியாகட்டும்னு இனி ஏன் அத்த காத்திருக்கணும்? எனக்குத்தான் தனித் தட்டு வாங்கிக் குடுத்திருக்கீங்களே," என்றாள் செல்லக்கண்ணு, முள்ளை எடுத்துக்கொண்டே.

வடிவேலு குழம்புச் சட்டியை அவள் பக்கம் நகர்த்தி வைத்தான்.