தங்கபுஷ்பத்தின் பெயரைக் கூவிப் பார்த்த இடங்கள்

அந்தத் தாலுகாவில் புறம்போக்கு நிலத்தில் யார் வேண்டுமானாலும் குறி வைத்துச் சுட்டுப் பழகலாம். ஒரே நிபந்தனை, சுடுகிறவரைத் தெரிந்தவர் ஒருவரும் அக்கம்பக்கத்தில் இருக்கக் கூடாது. குண்டு அந்நியர்களைத் தொந்தரவு செய்யாது. குறுக்கே நின்றால் சுற்றிக்கொண்டு போய்விடும். தெரிந்தவர்களை மட்டும் எங்கே ஒளிந்திருந்தாலும் தேடிப் போய்ப் பட்டுவிடும். அதனால் தலையாரி இசக்கியப்பன் முதலில் போய், நிலத்தின் நடுவில் நின்று, சுடப்போகிறவரின் பெயரை நாலு திசையிலும் கூவுவான். யாராவது குரல் கொடுத்தால் அந்த இடம் ஆகாது. கொடுக்காவிட்டால் சிவப்புக் கொடி நடுவான். சாயங்காலம் வந்து மறுபடி கூவிப் பார்த்துவிட்டுக் கொடியைப் பிடுங்கிக்கொண்டு போவான். அவனுக்கே பெயர் தெரியுமே என்று கேட்கலாம். அரசாங்கத்துக்குத் தெரிந்தது கணக்கில் வராது.

தங்கபுஷ்பம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். கல்லூரியில் என்.சி.சி.யில் துப்பாக்கி சுட்டு மெடல் வாங்கியிருக்கிறாள். அதற்குப் பிறகு அவள் குறி வைத்த எதுவும் கிடைக்கவில்லை. அந்தக் கதை இப்போது வேண்டாம். ஊரே அவள் குரலைக் கேட்டிருந்தது, ஆளைத் தெரிந்தவர்கள்தான் குறைவு. சாவதற்குள் ஒருமுறையாவது குறி தப்பாமல் சுட்டுவிட வேண்டும் என்று ஒரு ஏர்கன்னை வாங்கி வைத்துக்கொண்டு தவியாய்த் தவித்தாள்.

முதலில் வறண்டுகிடந்த குளத்துக்குப் போனார்கள். இசக்கியப்பன் "தங்கபுஷ்பம்!" என்று கூவியதும் கரையில் ஆடு மேய்த்தவர் எழுந்து நின்றார்.

"டெலிபோன் ஆபீஸ் யக்காவா? சொகமா இருக்காவளா?"

"இருக்காவ, இருக்காவ," என்றான் இசக்கியப்பன். "யக்கா, இது ஆவாது."

அவளுக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. ஆனாலும் அந்த "சொகமா இருக்காவளா"வை வீடு வரைக்கும் மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

அடுத்தது கல்லறைத் தோட்டத்துக்குப் பின்னால். கூவிய உடனே ஒரு கல்லறைக்குள்ளிருந்து, "எங்கூடப் படிச்ச புஷ்பமா?" என்று கேட்டது. ரோஸ்லினின் குரல். இத்தனை வருஷம் ஒரு வார்த்தை பேசவில்லையே என்று அவள்மேல் தங்கபுஷ்பம் கோபமாக இருந்தாள். செத்துப்போனதை அவளுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

"செத்தவங்களும் கணக்குதான் யக்கா," என்று இசக்கியப்பன் வண்டியைக் கிளப்பினான்.

மூன்றாவதாகத் தேரிக்காடு. கண்ணுக்கெட்டிய வரைக்கும் செம்மணல், அங்கங்கே பனை. தொண்டை வறளக் கூவியும் பதில் இல்லை. இசக்கியப்பனுக்கு முகமெல்லாம் சிரிப்பு.

"பஸ்ட் கிளாஸ் எடம்! ஒரு ஈ காக்காய்க்குக்கூட ஒங்களத் தெரியல."

கொடியை நட்டுவிட்டுப் போய்விட்டான். ஆசைப்பட்ட இடம் கிடைத்தும் அவளுக்கு அழுகை முட்டியது.

ஒரு பனைத் தூரின் மேல் மண்பானையை வைத்து, தள்ளி நின்று சுட்டாள். குண்டு பானையைச் சுற்றிக்கொண்டு போயிற்று. திரும்பத் திரும்பச் சுட்டாள். ஒன்றும் படவில்லை. பானைக்கு அவளைத் தெரியாது.

ஆகவே அதன் பக்கத்தில் போய் உட்கார்ந்து, "எம் பேரு தங்கபுஷ்பம்," என்று ஆரம்பித்தாள். மெடல் வாங்கிய நாளைச் சொன்னாள். டிரங்க் காலில் ஒருவன் அழுதுகொண்டே இருக்க, அவன் தேறும்வரை இணைப்பைத் துண்டிக்காமல் வைத்திருந்ததைச் சொன்னாள். வீட்டில் ஒருத்திக்கு மட்டும் சோறு வடிக்கிற சங்கடத்தைச் சொன்னாள். யாரிடமும் சொல்லாததெல்லாம் வந்தது. வெயில் சாய்ந்தபோது எழுந்து போய்த் துப்பாக்கியைத் தூக்கினாள். இனி குண்டு தப்பாது என்று நன்றாகத் தெரிந்தது. அதனாலேயே விரல் விசையை அழுத்தவில்லை. இருக்கிற ஒன்றையும் உடைக்க அவளுக்கு மனசு வரவில்லை.

அந்த நேரத்தில் இசக்கியப்பன் வந்து முறைப்படி கூவினான்.

"இந்தா, இங்கனதான் இருக்கா," என்றது பானை.

"போச்சு, இதுவும் ஆவாது," என்று அவன் கொடியைப் பிடுங்கினான். தங்கபுஷ்பம் பானையை மடியில் வைத்துக்கொண்டு அவன் வண்டியில் வீடு திரும்பினாள்.

அவள் தெருவில் இறக்கிவிட்டபோது அவனுக்கு ஒரு யோசனை. "தெருவும் புறம்போக்குதான யக்கா?" என்று கேட்டுவிட்டு அங்கேயே கூவினான். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அவள் குடியிருக்கும் தெரு அது. வீடுகளில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. ஒரு கதவும் திறக்கவில்லை. பானை அசந்து தூங்கிவிட்டிருந்தது.

"இத முன்னமே பாத்திருக்கலாம். வீணா அலைஞ்சிட்டோம்," என்று அவள் வாசலிலேயே கொடியை நட்டான்.

அன்றிரவு அவள் சாப்பிடவில்லை.

மறுநாள் காலையில் தெருக்குழாயில் பானையை வரிசையில் வைத்தாள். தண்ணீர் தாமதமாக வந்தது. பெண்கள் நிழலில் ஒதுங்கி ஆளுக்கொரு செல்போனைப் பார்த்துக்கொண்டிருக்க, பானை பக்கத்திலிருந்த பிளாஸ்டிக் குடங்களிடம் ஏதோ பேசிக்கொண்டே இருந்தது. வீட்டுக்கு வந்ததும் அவள் துப்பாக்கியைத் துடைத்துக் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள்.

சாயங்காலம் இசக்கியப்பன் கொடியை எடுக்க வந்து, முறைப்படி கூவினான்.

"தங்கபுஷ்பம்!"

மனிதர்கள் யாரும் வெளியே வரவில்லை. ஒவ்வொரு வீட்டு அடுக்களையிலிருந்தும் குடங்கள், "கடைசி வீட்டுல இருக்கா, சத்தமாக் கூப்பிடு," என்றன.

அவள் அடுப்பைத் தணித்துவிட்டு, "இந்தா வாரேன்," என்று வாசலுக்கு வந்தாள்.