கைப்பிடி இல்லாத வண்டி

சுடலைமணி ஒன்றை நினைத்துவிட்டால் விடுகிற ஆளில்லை. முக்கூடலில் பம்புசெட் மோட்டாருக்குச் செம்புக்கம்பிக் காயில் கட்டுகிறவன், பழைய மாருதி ஒன்றை வாங்கி வாசலில் போட்டுத் தேய்தேய் என்று தேய்த்தான். ஒடுக்குக்கெல்லாம் பட்டி வைத்து, உப்புத்தாள் போட்டு இழைத்து, கறுப்புப் பெயிண்ட் அடித்தான். அதோடு விட்டானா? கதவுக் கைப்பிடிகளையும் சாவிப் பூட்டுகளையும் கழற்றி ஓட்டையை அடைத்தான். உள்ளேயும் கதவு திறக்கிற பிடி, கண்ணாடி இறக்குகிற பிடி எல்லாம் போய் ஒரே வழவழப்பு. ரிமோட்டை அமுக்கினால்தான் கதவு திறக்கும்.

"உள்ள இருக்கவ எப்படி இறங்குவா?" என்று கேட்டாள் மனைவி பொன்செல்வி.

"நான் எதுக்கு இருக்கேன்? அமுக்குதேன், இறங்கு."

நாங்குநேரியில் அவள் தம்பி கல்யாணத்துக்கு இந்த வண்டியில்தான் அவளைக் கொண்டுபோய் இறக்க வேண்டும் என்று அவனுக்குக் கொள்ளை ஆசை. அவளோ ஏறவே மாட்டேன் என்றாள். கெஞ்சிக் கூத்தாடி, இசக்கியம்மன் கோயிலில் வண்டிக்குப் பூசை போடுகிற அன்று ஏற்றிவிட்டான்.

"நீ இரி. சாவிய அம்மன் காலடியில வச்சு வாங்கிட்டு வாரேன்" என்று கதவைச் சாத்திவிட்டுப் போனான். சாவியோடு கோத்திருந்த ரிமோட்டும் தட்டில் போயிற்று. பூசாரி பிச்சைக்கண்ணு பக்தியில் குறை வைக்கமாட்டார். மஞ்சள் தண்ணீரைச் செம்போடு அந்தத் தட்டில் கவிழ்த்தார்.

வந்து அமுக்கினான். கதவு திறக்கவில்லை, ரிமோட்டிலிருந்து தண்ணீர்தான் சொட்டியது. உச்சி வெயில். உள்ளே பொன்செல்வி வேர்த்து விறுவிறுத்துக் கதவைத் தடவினாள். கையில் ஒன்றும் அகப்படவில்லை.

"தள்ளுலே!" பூசாரி கல்லைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார்.

"பைய அண்ணாச்சி, பெயிண்டு கீறிரும்!"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவனுக்கு உறைத்தது. பொன்செல்வி உள்ளேயிருந்து அவனையே பார்த்தாள். வண்டிக்கு முன்னால் உடைக்க மடியில் வைத்திருந்த சிதறுதேங்காயை எடுத்தாள். முகத்தைத் திருப்பிக்கொண்டு, கண்ணாடியின் மூலையில் ஓங்கி ஓங்கி அடித்தாள். கண்ணாடி நொறுங்கி விழுந்தது.

பூசாரி கைகொடுக்க, ஜன்னல் வழியே இறங்கிச் சேலையை உதறினாள். "பெயிண்டுல ஒண்ணும் படல. நல்லாப் பாத்துக்கிடுங்க" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் பஸ் ஏறிப் போய்விட்டாள். அவனும் ஜன்னல் வழியே ஏறித்தான் வண்டியை வீட்டுக்குக் கொண்டுவந்தான். வழியெல்லாம் வெட்கம் பிடுங்கித் தின்றது.

மறுநாள் காலை டிரில் சத்தம் கேட்டு அவள் வெளியே வந்தாள். கூழாங்கல்லாய் இழைத்து வைத்திருந்த கதவில் அவனே ஓட்டை போட்டு, பழைய கைப்பிடியை மாட்டிக்கொண்டிருந்தான். உள்ளே ஒன்று, வெளியே ஒன்று.

அவள் ஏறிக் கதவைச் சாத்தினாள். உள்ளிருந்து திறந்தாள். மறுபடி சாத்தி, மறுபடி திறந்தாள். அவன் ஸ்பானரோடு பார்த்துக்கொண்டு நின்றான்.

"பின்னால ரெண்டு கதவு இருக்குல்லா?" என்றாள். "அதுக்கும் வச்சிட்டு நாங்குநேரிக்குக் கூப்பிடுங்க."