வெந்நீர்த் தொட்டியில் காணாமல் போன மெட்டு

1

இந்தக் கதை என் நாட்குறிப்பின் ஒரே ஒரு சொல்லிலிருந்து பிறந்தது. அதை நான் எழுதாமல் இருந்திருந்தால் எய்விந்துர் தன் மெட்டை இழந்திருக்க மாட்டார். (கொஞ்சம் மிகைதான். தொடக்கம் ஆளைப் பிடித்து இழுக்க வேண்டும் என்று மாலைநேரக் கதை வகுப்பு ஆசிரியை சொன்னார். இழுத்துவிட்டேன்.)

2

முதலில் எழுதிய தொடக்கம்: "வடகடலின் ஓரத்தில், பனி சூழ்ந்த தனிமையில், ஒரு மேதை..."

வேண்டாம். எய்விந்துருக்குத் தனிமையே கிடையாது. எங்கள் தேவாலயத்தில் ஆர்கன் வாசிப்பவர், பள்ளியில் இசை ஆசிரியர், முப்பது பேர் கொண்ட பாடகர் குழுவை நடத்துபவர். அந்த முப்பதில் நானும் ஒருத்தி.

இரண்டாவது: "அவர் இசையில் எரிமலைகள் குமுறின..."

பொய். அவருடைய படைப்பு ஒருமுறை தலைநகரில் அரங்கேறியது. "நீளம் சரியாக இருந்தது" என்று செய்தித்தாளில் எழுதினார்கள்.

உண்மை இதுதான்: தேவாலயத்தின் நூற்றாண்டு விழாவுக்கு ஒரு படைப்பு கேட்டார்கள். இரண்டு ஆண்டுகள் அவருக்கு எதுவும் வரவில்லை. பிப்ரவரியில் வந்தது. வந்த இடம்தான் தகராறு.

3

எங்கள் ஊரில் தேர்தல், மீன் விலை, விவாகரத்து எல்லாமே நீச்சல்குளத்து வெந்நீர்த் தொட்டியில்தான் அலசப்படும். தலையில் பனி விழும், கழுத்துவரை வெந்நீர். காலை ஏழு மணிக்கு எய்விந்துர் அங்கே இருப்பார். தொட்டியில் காகிதம் ஏது? மறந்துவிடக் கூடாதென்று மெட்டை முணுமுணுத்துக்கொண்டே இருந்தார், மூன்று வாரம்.

பக்கத்தில் கியார்தன். விசைப்படகுத் தலைவர், எங்கள் குழுவில் கீழ்க்குரல் பாடுபவர். அவர் அதைப் படகில் சீட்டியடித்தார். படகிலிருந்தவர்கள் வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். ஏப்ரலில் மழலையர் பள்ளியில் அதற்கு ஒரு கடல்நாயைப் பற்றிய சொற்கள் போட்டுப் பாடினார்கள். எய்விந்துர் மட்டும் கவனிக்கவில்லை. சன்னலைச் சாத்திக்கொண்டு எழுதிக்கொண்டிருந்தார்.

4

மே மாதம், முதல் ஒத்திகை. எய்விந்துர் இசைத்தாள்களைக் கொடுத்தார். நாங்கள் தாளைப் பார்க்காமலேயே பாடி முடித்தோம்.

விழாக்குழுத் தலைவி ஸ்டெய்ன்வோர் முகம் மலர்ந்து, "அட, இது நம்ம பழைய பாட்டாச்சே!" என்றாள்.

"என் பாட்டு. நான் எழுதினது."

"யோவ், எங்க தாத்தா மீன் அறுக்கும்போது இதத்தான் பாடுவாரு" என்றார் கியார்தன்.

"உங்க தாத்தாவா? அவரு கோயில்லயே வாய மட்டுந்தான் அசைப்பாரு!"

"செத்தவர எதுக்குய்யா இழுக்குற?"

"நீதானய்யா இழுத்த!"

"சரி விடுங்கப்பா" என்றாள் ஸ்டெய்ன்வோர். "விழாத் தாள்ல 'நாட்டுப்புற மெட்டு, குழுவுக்கேற்பத் தொகுத்தவர் எய்விந்துர்'னு போட்டுடலாம். கௌரவமாத்தானே இருக்கு?"

"முப்பது வருஷத்துல எனக்கு வந்த ஒரே நல்ல மெட்டு இது, ஸ்டெய்ன்வோர்."

ஸ்டெய்ன்வோர் தாள்களை அடுக்க ஆரம்பித்தாள். (இங்கே காற்று, கடல் என்று நான்கு வரி எழுதி அடித்துவிட்டேன். தாள்களை அடுக்கினாள், அவ்வளவுதான்.)

5

மறுநாள் எய்விந்துர் என் வீட்டுக்கு வந்தார். எல்லாவற்றையும் தேதி போட்டு எழுதுகிறவள் என்று ஊரில் எனக்குப் பெயர்.

"ஹெர்வோர், பிப்ரவரியில நீ என்ன எழுதியிருக்கன்னு பாரும்மா. அதுதான் எனக்குச் சாட்சி."

நாட்குறிப்பை எடுத்துக் கொடுத்தேன். "பிப்ரவரி 11. வடகிழக்குக் காற்று. தொட்டியில் ஆறு பேர். எய்விந்துர் வழக்கம்போல் ஏதோ பழைய பாட்டை முணுமுணுத்தார்."

இரண்டு முறை படித்தார்.

"பழையன்னு ஏம்மா எழுதின?"

"கேட்ட உடனே மனசுல ஒட்டிக்கிச்சு. அப்படின்னா பழசாத்தான் இருக்கும்னு..."

அவர் புன்னகைத்தார் என்று எழுதியிருந்தேன். இல்லை. தட்டிலிருந்த கடைசிப் பொரித்த ரொட்டியைத் தின்றார்.

"அடிச்சிடவா?" என்றேன்.

"அடிச்சா அடிச்சது தெரியும். விடு. விழா அன்னைக்கு நானே எல்லாரையும் பாத்துச் சொல்லிடறேன்."

6

முடிவு அ: அவர் சொல்கிறார், ஊர் கைதட்டுகிறது. எங்கள் ஊர் அவ்வளவு எளிதில் கைதட்டாது.

முடிவு ஆ: மனம் உடைந்து கடலுக்குப் போகிறார். அவருக்குப் படகில் ஏறினாலே வாந்தி வரும்.

நடந்தது: ஜூன், தேவாலயம் நிறைந்திருந்தது. விழாத் தாளில் "நாட்டுப்புற மெட்டு" என்றே இருந்தது. எய்விந்துர் கூட்டத்தை நோக்கித் திரும்பினார். தொண்டையைச் செருமினார். "இந்த மெட்டு..." என்றார்.

கூடவே பாடச் சொல்கிறார் என்று நினைத்து கியார்தன் ஆரம்பித்துவிட்டார். ஊரே எழுந்து பாடியது. ஒருவருக்கும் தாள் தேவைப்படவில்லை. எய்விந்துர் திறந்த வாயோடு முழுப் பாட்டையும் கேட்டார். பிறகு குழு பாடத் தொடங்குவதற்காக எங்கள் பக்கம் திரும்பிக் கைகளை உயர்த்தினார்.

அப்போது அவர் முகத்தைப் பார்த்தவர்கள் முப்பது பேர்தான். அந்த முகத்தை எழுதினால் கதை முடிந்துவிடும் என்கிறார் ஆசிரியை. ஐந்து முறை எழுதிப் பார்த்தேன்; ஐந்தும் வேறு வேறு முகங்கள். ஐந்திலும் கன்னம் ஈரம்; அது "வேர்வைப்பா" என்கிறாள் என் பக்கத்தில் நின்று பாடிய ஸ்டெய்ன்வோர்.

நீங்கள் உட்கார்ந்திருப்பது கூட்டத்தில். அங்கிருந்து தெரிவது அவருடைய முதுகு: தோளில் இறுக்கமான கறுப்புக் கோட்டு, அது குலுங்குகிறது. கைகள் இன்னும் மேலேயே இருக்கின்றன. சிரிக்கிறாரா, அழுகிறாரா?

சீக்கிரம் சொல்லுங்கள், நாங்கள் பாட வேண்டும்.