ஸ்டெப்னிக்கு ஏற்ற இடம்

திருச்செங்கோட்டில் லாரியின் ஸ்டெப்னி டயரை எங்கே வைப்பது என்பதை ஸ்டெப்னியிடம் கேட்டுத்தான் முடிவு செய்வார்கள். புது லாரியென்றால் அடியில் அதை மாட்டச் சங்கிலி இருக்கும், பேச்சுக்கே இடமில்லை. ஓனர் பாவாயம்மாளின் லாரி பழையது. சங்கிலி துருப்பிடித்து எந்த ஊர் மேட்டிலோ அறுந்து விழுந்துவிட்டது. ஆகவே டிரைவர் அர்த்தநாரி, ஜவ்வரிசி மூட்டைகளை இறக்கிவிட்டு ஊர் திரும்பும்போது முறைப்படி கேட்டான்.

"எங்க வெக்கட்டுங்க?"

கேபின் மேலே என்றது ஸ்டெப்னி. ஏற்றிக் கட்டினான்.

அவனுக்கு அன்று அவசரம். தங்கை நல்லம்மாளின் மகளுக்கு அங்காளம்மன் கோயிலில் காதுகுத்து. தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் குத்துவார்கள். கல்யாணம் கட்டாத அர்த்தநாரிக்கு அந்தக் குழந்தைதான் உயிர். தோடு வாங்கிச் சட்டைப்பையில் பத்திரமாக வைத்திருந்தான். "நேரத்துக்கு வந்துருவீங்கல்லண்ணா?" என்று தங்கை போனில் கேட்டபோது, "நானில்லாம குத்திருவீங்களாக்கும்?" என்று சிரித்தான்.

மேலே காற்று வாங்கிக்கொண்டு வந்த ஸ்டெப்னிக்குச் சீக்கிரமே ஒரு தோரணை வந்துவிட்டது. ஒருநாளும் ரோட்டில் ஓடாத டயர் அது. ஓடாததால் தேய்மானம் இல்லை. தேய்மானம் இல்லாததால் பார்க்க லட்சணமாக இருந்தது. சுங்கச்சாவடியில் அதற்குத்தான் சலாம் வைத்தார்கள். ஓடி ஓடி மொட்டையாகிப்போன மற்ற டயர்களை எவனும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வயிறு எரிந்து என்ன செய்ய?

வெயில் ஏறியதும் ஸ்டெப்னி கேபினுக்குள் இடம் கேட்டது. இடதுபக்கச் சீட்டைக் கொடுத்தான். கொஞ்ச தூரம் போனதும், ஸ்டியரிங்குக்கு நேராக உட்கார்ந்தால்தான் ரோடு சரியாகத் தெரியும் என்றது. அதுவும் நியாயம்தான். அர்த்தநாரி நகர்ந்து கொடுத்தான். ரோடு நேராக இருந்ததால் லாரி தன்பாட்டுக்கு ஓடியது.

சங்ககிரி தாண்டியதும் முன்பக்க இடது டயர் வெடித்தது. அர்த்தநாரி இறங்கி ஜாக்கி போட்டு, வெடித்ததைக் கழற்றி வைத்துவிட்டு, கதவைத் திறந்தான்.

"கொஞ்சம் எறங்கி வாங்க. உங்களுக்குத்தான் வேல வந்திருக்குது."

"சீட்டுல இருக்கறவன எறங்கச் சொல்றது நல்லாவா இருக்குது?" என்றது ஸ்டெப்னி. "எதுக்கும் ஓனரம்மாவ ஒரு வார்த்த கேட்டுக்கோங்க."

பாவாயம்மாளுக்குப் போன் போட்டான். அவள் நிதானமாக விசாரித்தாள்.

"சீட்டுல யாரு உக்காந்திருக்கறது?"

"ஸ்டெப்னிங்கம்மா."

"அப்ப அவருதான் டிரைவரு. சும்மா நிக்கறது யாரு?"

"நானுங்கம்மா."

"சும்மா நிக்கறதுக்குப் பேருதான் ஸ்டெப்னி. மாட்டிக்கோ. நேரமாவுது, கொழந்தைக்குக் காது குத்தோணுமல்ல?"

அதில் தப்பு சொல்ல ஒன்றுமில்லை. அழுக்காகிவிடக் கூடாதே என்று சட்டையைக் கழற்றி ஸ்டெப்னியிடம் கொடுத்தான். கால்களை மடக்கி, முதுகை வளைத்து, அச்சில் ஏறிக்கொண்டான். தன்னைத்தானே மாட்டுவதால் பாதி நட்டுகளுக்கு மேல் கை எட்டவில்லை. லாரி புறப்பட்டது. தார் கொதித்தது. நேரத்துக்குப் போய்விடுவோம் என்பது மட்டும் பெரிய ஆறுதலாக இருந்தது.

கோயிலில் மேளம் கொட்டியது. ஸ்டெப்னி சட்டையைப் போட்டுக்கொண்டு இறங்கியது. "மாமன் வந்தாச்சு!" என்று சனம் வழிவிட்டது. மணையில் உட்காரவைத்து, தோளில் துண்டு போட்டு, குழந்தையை மடியில் வைத்தார்கள். டயரின் நடுக்குழியில் வாகாகப் பொருந்தினாள். சட்டைப்பையிலிருந்து தோட்டை எடுத்து ஆசாரியிடம் நீட்டினார்கள். வேப்பமரத்தடியில் லாரியோடு நின்றபடி அர்த்தநாரி அதைப் பார்த்தான். கூப்பிட்டிருக்கலாம். ஆனால் மாட்டிய சக்கரம் பேசுவது அங்கே வழக்கமில்லை.

குத்தி முடித்ததும் குழந்தை வீறிட்டபடி ஓடிவந்து அர்த்தநாரி மேல் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அவன் அசையாமல் இருந்தான். நல்லம்மாள் பின்னாலேயே வந்து அவளைத் தூக்கினாள்.

"அதும்மேல சாயாத கண்ணு, பாவாட அழுக்காயிரும். அது மாமனோட ஸ்டெப்னி."

பிறகு எல்லாச் சக்கரங்களுக்கும் எலுமிச்சம்பழம் வைத்தாள். அவனுக்கும் ஒன்று வைத்தாள். அடுத்த லோடு காத்திருந்தது. பந்தியில் உட்கார்ந்துவிட்ட டிரைவரைத் தொந்தரவு செய்ய வேண்டாமென்று லாரி தானே கிளம்பியது. மார்புக்கடியில் பழம் நசுங்கியது. ஒவ்வொரு சுற்றிலும் மேலே வரும்போது அர்த்தநாரி திரும்பிக் குழந்தையைப் பார்த்தான். முதல் சுற்றில் அவள் கையாட்டினாள். அடுத்த சுற்றில் பள்ளிக்கூடச் சீருடையில் நின்றாள். அதற்கடுத்து தாவணி போட்டிருந்தாள். கோயில் வளைவைத் தாண்டும்போது கழுத்தில் மாலையோடு மணவறையில் உட்கார்ந்திருந்தாள். மாமன் நிற்க வேண்டிய இடத்தில் ஸ்டெப்னி பட்டுவேட்டி கட்டி நின்றது. வேட்டி எடுப்பாகத்தான் இருந்தது.